தலைக்குக் குளிக்கிற நாள்

கவுஞ்சியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தலைக்குக் குளிப்பதற்கென்று ஒரு நாளையே ஒதுக்க வேண்டும். விடிந்ததும் கதவைத் திறந்து எதிர்மலை தெரிகிறதா என்று பார்ப்போம். தெரிந்தால், பத்து மணிக்கு மேல் கொஞ்சம் வெயில் அடிக்கும் என்று நம்பி அண்டாவை அடுப்பில் ஏற்றலாம். மேகம் இறங்கி வாசலிலேயே நின்றுவிட்டால் அன்றைக்குக் குளியல் கிடையாது. வெயிலை நம்பி ஏற்றினாலும், நனைந்த விறகு பற்றி வெந்நீர் காய்வதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். எப்படியோ குளித்து முடித்தாலும் முடி உலராது. இடுப்பு வரை முடி இருக்கிற பெண்களுக்குச் சாயங்காலம் வரை அடிமுடியில் ஈரம் நிற்கும். அந்த ஈரத்தோடேயே கொண்டை போட்டு, மேலே துண்டைக் கட்டிக்கொண்டு பூண்டுக் காட்டுக்குப் போய்விடுவார்கள். மழைக்காலம் முழுக்க, பத்து நாளைக்கு ஒரு தடவை தலைக்கு ஊற்றினாலே பெரிய காரியம்.

நான் வத்தலக்குண்டில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் தலை முழுகுவது தப்பாது. அரப்போ சீயக்காயோ தேய்த்துக் கிணற்றடியில் குளித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனால், ஈரம் போன இடம் தெரியாது. கல்யாணமாகி வந்தபோது, கொடைக்கானலில் பஸ் மாறி, பூம்பாறையைத் தாண்டி, மன்னவனூர்ப் பிரிவைத் தாண்டி, இன்னும் போய்க்கொண்டே இருந்தோம். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று இந்தப் பக்கத்து ஊர்களையெல்லாம் சேர்த்து மேல்மலை என்பார்கள். பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைகிற காடுகள் சரிவில் அடுக்கடுக்காக இறங்கும். மேலே யூகலிப்டஸும் வாட்டிலும் சோலைக்காடும். தண்ணீர் சுத்தம், காற்றும் சுத்தம். இவ்வளவு சுத்தமான ஊரில் இத்தனை பேர் தலையைச் சொறிந்துகொண்டிருப்பது எனக்கு முதலில் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

என் மாமியார் தலை பார்ப்பதில் கை தேர்ந்தவர் என்று பெயர். வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் திண்ணையில் உட்கார்ந்தாரென்றால் தெருப் பிள்ளைகள் வரிசையாக வந்து மடியில் தலையைச் சாய்க்கும். பேன்சீப்பு, ஒரு வெள்ளைத் துணி, இரண்டும் போதும் அவருக்கு. முடியை விரலால் பிளந்து பார்த்த உடனே சொல்லிவிடுவார்: "இது ஈருத்தா, ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது. இது பொடுகு, ஊதுனா பறக்கும்." பிற்காலத்தில் தோல் மருத்துவர் சொன்னதும் அதையேதான். பேனின் முட்டை முடியின் ஒரு பக்கத்தில் பசை போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும். உருவித்தான் எடுக்க வேண்டும். பொடுகு முடியில் ஒட்டாது, தொட்டால் நகரும், தட்டினால் உதிரும். பள்ளிக்கூடம் போகாத அத்தைக்கு இந்த வித்தியாசம் விரல்நுனியில் இருந்தது.

பேன் என்று தெரிந்தால் அவருக்கு வைத்தியம் தெரியும். பொடுகு என்றால் ஒரே பதில்தான்: "மண்டை காஞ்சு போச்சு, எண்ணெய் வை." அவர் அப்படி நினைத்ததில் நியாயம் இருந்தது. மார்கழி, தை மாதங்களில் மேல்மலையில் உறைபனி விழும். விடியற்காலையில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும். உதடு வெடிக்கும், குதிகால் பிளக்கும், கன்னம் சொரசொரவென்று ஆகும். அதே காலத்தில்தான் தலையிலும் வெள்ளை வெள்ளையாக உதிரும். உடம்பெல்லாம் வறளும்போது தலையும் வறண்டுதானே செதில் விடுகிறது என்று யாரும் நினைப்பார்கள். ஆகவே ராத்திரி படுக்கப்போகும் முன் தேங்காயெண்ணெயைச் சூடுபண்ணி உச்சியில் வைத்துத் தேய்ப்பார்கள். குளிருக்குக் கம்பளிக் குல்லாயை இழுத்து மாட்டிக்கொண்டு படுப்பார்கள். அந்த எண்ணெய் அடுத்த குளியல் வரை, அதாவது ஒரு வாரமோ பத்து நாளோ, தலையிலேயே இருக்கும். எண்ணெய் வைத்த இரண்டு நாளைக்குச் செதில் தெரியாது. முடியோடு ஒட்டிப் படிந்துவிடும். எண்ணெய் கேட்டது என்று சந்தோஷப்படுவார்கள். நான்காம் நாள் அரிப்பு முன்னைவிட அதிகமாக வரும்.

என் மகளுக்குச் சின்ன வயதில் தலையில் எந்தத் தொந்தரவும் இல்லை. கீழே ஒரு ஊரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். பெரியவளான வருஷம், அரையாண்டு விடுமுறைக்கு வந்தவள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே துப்பட்டாவைத் தோள் இரண்டும் மூடுகிற மாதிரி போர்த்தியிருந்தாள். குளிருக்கு என்று நினைத்தேன். வீட்டுக்குள் வந்தும் எடுக்கவில்லை. தலைவார உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு என் பக்கத்தில் வந்து, "ம்மா, நான் சுத்தமா இல்லாத பிள்ளையா?" என்று கேட்டாள்.

விடுதியில் அவளுடைய கருநீலச் சீருடையின் தோளில் வெள்ளையாக உதிர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அது மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி, அவள் படுக்கையை அறையின் ஓரத்துக்கு நகர்த்திவிட்டார்கள். அவளோடு சாப்பிட உட்கார்கிற பிள்ளைகள்கூடக் கொஞ்சம் தள்ளி உட்கார ஆரம்பித்திருக்கிறார்கள். அவளோ வெட்கத்தில் தினமும் தலையை நகத்தால் கீறிக் கீறிச் செதிலை எடுத்திருக்கிறாள். விளக்கைக் கிட்டே வைத்துப் பார்த்தேன். வகிட்டின் இரண்டு பக்கமும் சிவந்து, அங்கங்கே நகம் பட்ட இடத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. காதுக்குப் பின்னால் மஞ்சளாகப் பிசுபிசுப்பான செதில். பதிமூன்று வயதுப் பிள்ளை இதை யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் வைத்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் எனக்குப் பொறுக்க முடியவில்லை.

விடுமுறை முடிவதற்குள் மதுரைக்கு அழைத்துப் போனேன். வயதான பெண் மருத்துவர். தலையை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார். காதின் பின்புறம், புருவம், மூக்கின் இரு ஓரம் எல்லாம் பார்த்தார். பிறகு முழங்கையையும் முழங்காலையும் காட்டச் சொன்னார். தலைக்கு வந்த இடத்தில் முழங்கால் எதற்கு என்று நான் பார்ப்பதைக் கண்டு, சொரியாசிஸ் என்றால் அந்த இடங்களில் தடித்த வெள்ளிச் செதில் இருக்கும், அது இல்லை என்று உறுதிப்படுத்தத்தான் என்றார். அதன் பிறகு என்னைவிட என் மகளைப் பார்த்துத்தான் அதிகம் பேசினார்.

"பாப்பா, உன் தலையில இருக்கிற கிருமி என் தலையிலயும் இருக்கு, உங்க அம்மா தலையிலயும் இருக்கு. யாரும் யாருக்கும் ஒட்ட வைக்க வேண்டியதே இல்லை."

மலசீசியா என்று அதற்குப் பெயர். ஈஸ்ட் வகையைச் சேர்ந்த நுண்ணிய பூஞ்சை. 1874-இல் மலாசே என்ற பிரெஞ்சு மருத்துவர் பொடுகுச் செதிலில் இதைப் பார்த்து எழுதினார். அவர் பெயராலேயே இது வழங்குகிறது. நம் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் எங்கெல்லாம் நிறைய இருக்கின்றனவோ அங்கெல்லாம் இது குடியிருக்கும். அதில் முதல் இடம் தலை. தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது; நம் தோலின் எண்ணெயை உடைத்துத்தான் வாழ்கிறது. அப்படி உடைக்கும்போது மிச்சமாகிற பொருள்களில் ஒலியிக் அமிலம் ஒன்று. சிலருடைய தோலுக்கு அது ஒன்றும் செய்யாது. சிலருடைய தோல் அதைத் தாங்காமல் எரிச்சல் அடைந்து, வேக வேகமாகப் புதுத் தோலை மேலே தள்ளுகிறது. சாதாரணமாக அடியில் பிறக்கிற தோல் அணு மேலே வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஒவ்வொன்றாக உதிர்வதால் கண்ணுக்குத் தெரியாது. பொடுகுத் தலையில் அந்த அவகாசம் இல்லை. அணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டியபடியே உதிர்கின்றன. நாம் பார்க்கிற வெள்ளைத் தூள் அதுதான். வளர்ந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு வாழ்க்கையில் எப்போதாவது இது வருகிறது என்றார் மருத்துவர். பெரியவளான பிறகு ஏன் வந்தது என்பதும் புரிந்தது. அந்த வயதில்தான் ஹார்மோன்களால் எண்ணெய்ச் சுரப்பிகள் முழு வேகத்தில் வேலை செய்யத் தொடங்குகின்றன.

அவர் சொன்னதை மகள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் தலையில் எண்ணெய் எப்படித் தானாகச் சுரக்கும் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு மன்னவனூர் ஆட்டுப் பண்ணைக்குக் கூட்டிப்போனேன். மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் அது. 1965-இலிருந்து அங்கே இருக்கிறது. ரோம ஆடுகளின் முதுகில் கையை விட்டுப் பார்த்தால், வெளியே அழுக்காகத் தெரிகிற ரோமம் உள்ளே வெள்ளையாக இருக்கும்; விரலெல்லாம் பிசுபிசுக்கும். ஆட்டின் தோலில் சுரக்கிற அந்தக் கொழுப்புதான் மழையிலும் பனியிலும் ரோமத்தைக் காக்கிறது. கம்பளி நெய்வதற்கு முன் அதைக் கழுவி எடுப்பார்கள். உன் தலையிலும் இதே மாதிரிதான், முடியின் வேருக்குப் பக்கத்திலேயே எண்ணெய் சுரந்துகொண்டே இருக்கிறது, அது உன் முடிக்குக் காவல், ஆனால் தேங்கவிடக் கூடாது என்றேன். அவள் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். அந்த விடுமுறையில் அவள் முகத்தில் விளையாட்டுத்தனத்தைப் பார்த்தது அன்றுதான்.

மருத்துவர் எழுதிக்கொடுத்தது 2 சதவீதக் கீட்டோகோனசோல் ஷாம்பு. வாரத்துக்கு இரண்டு முறை, நான்கு வாரம். தடவி ஐந்து நிமிடம் விட்டுப் பிறகு அலச வேண்டும். கீழ்நாட்டில் இது எளிது. தை மாதத்துக் கவுஞ்சியில் ஈரத் தலையோடு ஐந்து நிமிடம் உட்காருவது எளிதில்லை. ஷாம்பு போட்ட உடனே அலசிவிட்டு அடுப்படிக்கு ஓடுவதுதான் எல்லோருடைய வழக்கமும். உடனே அலசினால் மருந்து தோலில் ஊறாது, நுரை மட்டும் மிஞ்சும்.

பத்தரை மணி வெயிலில் வீட்டுப் பின்புறம் சுவரோரமாக முக்காலி போட்டேன். காற்று படாத இடம். வெந்நீரைக் கை பொறுக்கிற சூட்டுக்கு விளாவிவைத்தேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்வதுதான் குளிருக்கு இதம் என்பது மேல்மலைப் பழக்கம். புண்பட்ட தோலுக்கு அது ஆகாது. தலையை நன்றாக நனைத்து, சீப்பின் வால்முனையால் வகிடு எடுத்து, ஷாம்புவை முடியில் அல்லாமல் தோலில் படுகிற மாதிரி விரல் சதையால் தடவினேன். அடுத்த வகிடு, அதற்கடுத்த வகிடு என்று நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும். காதுக்குப் பின்னாலும் கொஞ்சம். நகம் படக் கூடாது. பிறகு பழைய துண்டு ஒன்றை வெந்நீரில் முக்கிப் பிழிந்து தலையைச் சுற்றிக் கட்டிவிட்டேன். சூடான துண்டு இருந்ததால் குளிர் தெரியவில்லை. நேரத்துக்குக் கடிகாரம் வேண்டாம், பதிமூன்றாம் வாய்ப்பாட்டிலிருந்து சொல்லு என்றேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல் கிட்ட, பதிமூன்று, பதினான்கு, பதினைந்து என்று அவள் சொல்லிக்கொண்டே போவாள். பத்தொன்பதாம் வாய்ப்பாடு முடிந்ததும் தண்ணீர். தண்ணீரைத் தலையில் ஊற்றி, விரல்களில் வழவழப்பு போகிற வரைக்கும் அலசுவேன். அலசியதும் இன்னொரு உலர்ந்த துண்டால் ஒற்றி எடுத்து, கொண்டை போடவிடாமல், அடுப்புக்குப் பக்கத்தில் முடியை விரித்துப்போட்டு உட்கார வைப்பேன். உள்ளே ஈரம் நிற்கிற வரைக்கும் தலையைக் கட்டக் கூடாது என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டாம் வாரத்தில் அரிப்பு குறைந்தது. நான்காம் வாரத்தில் வகிட்டின் தோல் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. விடுமுறை முடிந்தும் விடுப்புச் சொல்லி வீட்டிலேயே வைத்திருந்தவளை விடுதிக்கு அனுப்பும்போது, மருத்துவரிடம் ஒரு துண்டுத்தாளில் எழுதி வாங்கியிருந்தேன்: இது தொற்று நோய் இல்லை, பிள்ளையைத் தனியாக வைக்க வேண்டியதில்லை என்று. அந்தத் தாள் செய்த வேலையை நான் நேரில் நின்று வாதாடியிருந்தாலும் செய்திருக்க முடியாது.

மருத்துவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். பொடுகு அடங்கும், அடியோடு போய்விடாது. அந்தப் பூஞ்சை நம் தலையை விட்டுப் போகாது. அதற்குச் சாப்பாட்டைக் குறைத்து, அதன் தொகையையும் குறைவாக வைத்திருப்பதுதான் நம் கையில் இருப்பது. ஆகவே நான்கு வாரம் முடிந்த பிறகும் வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ அந்த ஷாம்பு, நடுவில் சாதாரண ஷாம்பு. இதைச் சொல்லாமல் விட்டால் மூன்று மாதத்தில் திரும்ப வந்ததும் மருந்து சரியில்லை என்று தூக்கிப் போட்டுவிடுவோம். தெருவில் பலர் வீட்டில் பாதி தீர்ந்த பாட்டில்கள் கிடப்பதற்கு இதுதான் காரணம்.

எண்ணெய் விஷயத்தில் அத்தையை இணங்க வைக்கத்தான் நாளாயிற்று. "எண்ணெய் வைக்காத தலையா? பரதேசி மாதிரில்ல இருக்கும்!" என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. எண்ணெய் முடிக்கு நல்லது என்பதில் அவர் சொல்வது சரி. தேங்காயெண்ணெய் முடிக்குள் ஊடுருவி, அலசும்போது புரதம் கரைந்துபோவதைக் குறைக்கிறது என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால் பொடுகு பிடித்துச் சிவந்திருக்கிற தோலில் எண்ணெயைத் தேய்த்து நாள்கணக்கில் விடுவது பூஞ்சைக்கு விருந்து வைப்பதாகிவிடும். இதை அவரிடம் விளக்கிச் சொல்ல, ஆராய்ச்சிக்கூடத்தில் மலசீசியாவை வளர்க்க வேண்டுமென்றால் கண்ணாடித் தட்டில் ஆலிவ் எண்ணெய் மாதிரி ஏதாவது கொழுப்பைச் சேர்த்துத்தான் வளர்க்கிறார்கள் என்றேன். அத்தை சற்று நேரம் யோசித்தார். "அப்ப நாமளே வளத்துக்கிட்டு இருந்திருக்கோமா?" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. பொடுகு இருக்கிற நாளில் எண்ணெய் முடியின் நீளத்துக்கு மட்டும், தோலுக்கு இல்லை. பொடுகு இல்லாதவர்கள் குளிக்கிற அன்று காலையில் தோலில் வைத்து அன்றே அலசிவிட வேண்டும். ராத்திரி எண்ணெயும் குல்லாயும் ஒன்றாகக் கிடையாது.

என் மகள் இப்போது பார்மசி படிக்கிறாள். 2021-இல் இந்தியப் பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். தேங்காயெண்ணெய் தலையில் நல்ல நுண்ணுயிர்களைப் பெருகச் செய்வதாக அதில் கண்டிருக்கிறார்களாம். உடனே அத்தை, "பாத்தியா!" என்றார். பாட்டி சொன்னதிலும் விஷயம் இருக்கிறது, மருத்துவர் சொன்னதிலும் இருக்கிறது, தலை தோறும் பலன் வேறு என்று மகள் பொறுமையாக விளக்கினாள். எண்ணெய் வைத்து அரிப்பு கூடினால் நிறுத்துங்கள், கூடவில்லையென்றால் வைத்துக் குளித்துவிடுங்கள் என்பதுதான் அவள் முடிவு. எனக்கும் அது சரியென்று படுகிறது.

வத்தலக்குண்டிலிருந்து என் அம்மா பொடுதலைத் தைலம் காய்ச்சிக் கொடுத்தனுப்புவார். வாய்க்கால் வரப்பில் தரையோடு படர்ந்து, சின்னச் சின்னப் பூ விடுகிற செடி. சித்த மருத்துவத்தில் பொடுகுக்கு முதலில் சொல்வது அதைத்தான். அம்மா இலையை இடித்துச் சாறெடுத்து நல்லெண்ணெயில் காய்ச்சுவார். அரைமணி நேரம் ஊறவைத்துச் சீயக்காய் போட்டு அலசுவது எங்கள் வீட்டு முறை. லேசான பொடுகுக்கு அது எங்களுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சப்போனின் என்ற பொருள் இருப்பதால்தான் நுரைத்து எண்ணெயை எடுக்கிறது. நம் பாட்டிமார் வாரம் இரண்டு நாள் தலை முழுகியதில் எண்ணெயைக் காட்டிலும் அந்தக் கழுவலுக்குத்தான் அதிகப் பங்கு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, சீயக்காய்த் தூள் நைஸாக இருக்க வேண்டும். திப்பி திப்பியாக இருந்தால் தோலைச் சிராய்க்கும், அலசினாலும் முடியில் நின்று பொடுகு மாதிரியே தெரியும்.

மேல்மலைக்கே உரிய சில வைத்தியங்களைப் பார்த்துத்தான் நான் பயப்படுகிறேன். இங்கே பூண்டு வெறும் பயிரில்லை, பெருமை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே கொண்டாடியது. வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டை போகிற வீடுகளில் எந்த நோவுக்கும் முதலில் கை போவது பூண்டுக்குத்தான். என் கொழுந்தனுக்குப் பிடரியில் காசளவு முடி கொட்டியது. புழுவெட்டு என்று சொல்லி யாரோ பச்சைப் பூண்டை நசுக்கி வைத்துக் கட்டச் சொன்னார்கள். காலையில் அவிழ்த்தால் அந்த இடம் தீப்பட்ட மாதிரி கொப்பளித்து நீர் வடிந்தது. நசுக்கிய பச்சைப் பூண்டில் உண்டாகிற கந்தகப் பொருள்கள் தோலைப் புண்ணாக்கும். மருத்துவ இதழ்களில் இப்படிப் பூண்டால் வெந்த புண்கள் எத்தனையோ பதிவாகியிருக்கின்றன. காரம் மிகுந்த மலைப்பூண்டைச் சிவந்த தலையில் தேய்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

யூகலிப்டஸ் தைலமும் அப்படித்தான். கடைக்குக் கடை விற்கிறார்கள் என்பதற்காகத் தலைக்கு நேராக ஊற்றக் கூடாது. தோலை எரித்துவிடும். அதைவிட ஆபத்து, பாட்டில் குழந்தை கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பது. கொஞ்சம் வாய்க்குள் போனாலே குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வரலாம். எலுமிச்சைச் சாறு தேய்த்துக்கொண்டு வெயிலில் காய்வதும் இங்கே உண்டு. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் சிலருக்குப் புண்ணாகிக் கருத்துவிடும். மலை உயர உயர வெயிலின் புற ஊதாக் கதிர் கூடும் என்பதால் மேல்மலையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். பேனுக்கு மண்ணெண்ணெய் தடவுகிற பழக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. விறகடுப்பு எரிகிற வீட்டில் அது உயிருக்கே உலை வைக்கும்.

பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகிற ஷாம்புப் பாக்கெட்டைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதன் மேல் மரியாதை இருக்கிறது. கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன் பொருள்களைச் சின்னச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் எட்ட வைக்க நினைத்தார். அவருடைய பிள்ளைகள் அதை ஷாம்புவில் செய்து காட்டினார்கள். பாட்டில் வாங்க முடியாத வீட்டுப் பெண்ணும் வாரம் ஒருமுறை நுரை வரத் தலை கழுவ அந்தப் பாக்கெட்டுதான் வழி செய்தது. பொடுகுக்கென்று வாங்கும்போது முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்து எழுத்தைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். துத்தநாகப் பைரிதியோன், கீட்டோகோனசோல், செலினியம் சல்ஃபைடு, பைரோக்டோன் ஒலாமின், சாலிசிலிக் அமிலம், இவை மாதிரி பொடுகுக்கான மருந்து ஏதாவது ஒன்று அதில் இருக்க வேண்டும். ஒன்று கேட்கவில்லையென்றால் ஒரு மாதம் பார்த்துவிட்டு இன்னொன்றுக்கு மாறலாம்.

என் வீட்டுக்காரருக்குப் புருவத்திலும் மீசைக்கு அடியிலும் சிவந்து செதில் உதிர்வதைக் குளிர்காலத்துப் பனிக்கடி என்றே பல வருஷம் நினைத்திருந்தோம். மகளைப் பரிசோதித்தபோது மருத்துவர் மூக்கோரத்தைப் பார்த்ததை நினைத்து அவரையும் அழைத்துப்போனேன். பொடுகின் அண்ணன் மாதிரி, அதே பூஞ்சை சம்பந்தப்பட்ட தோல் அழற்சிதான் அது என்றார் மருத்துவர். களிம்பு கொடுத்தார். குல்லாயைத் துவைத்து மாட்டுங்கள் என்றும் சொன்னார். மேல்மலையில் ஆண்கள் தலையிலிருந்து குல்லாய் இறங்காது. துவைப்பதோ பனிக்காலம் முடிந்தபிறகுதான். எங்கள் வீட்டில் இப்போது குல்லாய், தலையணை உறை, சீப்பு மூன்றும் தலைக்குக் குளிக்கிற நாளிலேயே தண்ணீரைப் பார்த்துவிடுகின்றன.

என்னிடம் கேட்கிறவர்களிடம் எப்போது வீட்டு வைத்தியத்தை விட்டு மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் சொல்வேன். ஒரு மாதம் ஒழுங்காகக் கழுவியும் அடங்காவிட்டால் போக வேண்டும். செதில் தடித்து முடியோரத்தைத் தாண்டி நெற்றிக்கு வந்தால், முழங்கை முழங்காலிலும் இருந்தால், அது சொரியாசிஸாக இருக்கலாம். சின்னப் பிள்ளைக்கு வட்டமாக முடி கொட்டிச் செதிலும் இருந்தால் அது படை. மற்றவர்களுக்கு ஒட்டும், உள்ளுக்குச் சாப்பிடுகிற மாத்திரை இல்லாமல் தீராது. நீர் வடிந்தாலோ சீழ் வைத்தாலோ நாளைத் தள்ளக் கூடாது. கைக்குழந்தையின் உச்சியில் மஞ்சளாகப் படிகிற பொருக்குக்கு மட்டும் பயப்பட வேண்டாம். லேசாக எண்ணெய் தொட்டு ஊறவைத்து, மெல்லிய துணியால் துடைத்துக் குளிப்பாட்டினால் சில மாதங்களில் தானாகவே போய்விடும்.

என் மகளுக்குப் பொடுகு வந்ததற்கு அடுத்த வருஷம், அதே விடுதியில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்குப் பொடுகு வந்திருக்கிறது. என் மகள் தன் படுக்கையை அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு, சனிக்கிழமை தோறும் அவளை உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்ல வைத்தாளாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் அம்மா கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டில் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளை இருக்கிற தாய்மார்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளை தலையைச் சொறிந்தால் கையைத் தட்டிவிட்டுத் திட்டாதீர்கள். வெளிச்சத்தில் உட்கார வைத்து வகிடு எடுத்துப் பாருங்கள். பேனா, பொடுகா, புண்ணா என்று தெரிந்துகொள்ளுங்கள். பொடுகென்றால் அது அவள் சுத்தமில்லாததால் வந்ததில்லை என்பதை மருந்துக்கு முன்னால் சொல்லுங்கள். எத்தனை குளிராக இருந்தாலும் வாரத்தில் ஒரு நாளாவது வெந்நீர் வைத்துக் கொடுங்கள், தலை உலரும் வரை பக்கத்தில் இருங்கள். மற்றதையெல்லாம் மெல்ல மெல்லச் சரிசெய்துகொள்ளலாம்.